முழங்காலுக்கு முந்தைய பத்து ஆண்டுகள்: லுபான்ஸ்கியின் தடத்தில் ஆறு நாள்

முதல் நாள்: லோக்கரன், பெல்ஜியம்

1974 கால்பந்து உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற போலந்து அணியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், லாட்டோ, டெய்னா, ஷர்மாக், தொமாஷெவ்ஸ்கி என்று பெயர்களை அடுக்கிவிட்டு, "லுபான்ஸ்கியும் இருந்திருந்தால்" என்ற பெருமூச்சோடு அந்தப் பேச்சு முடிவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டும் படித்தும் வந்திருக்கிறேன். நாட்டுக்காக 75 ஆட்டங்களில் 48 கோல் அடித்த ஒரு முன்கள வீரரை, அவர் ஆடாத ஒரு தொடரைக் கொண்டே நினைவுகூர்வது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. வ்வோஜிமியேஷ் லுபான்ஸ்கி இல்லாமல் போனதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் இருந்த இடங்களைப் பார்த்து எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதி இடுவதாக எண்ணம்.

அவருடைய கதையின் பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன். கென்ட் நகருக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் இடையே, டுர்மே என்ற சிறிய ஆற்றின் கரையில் இருக்கிறது லோக்கரன். ரயிலை விட்டு இறங்கி ஊரைக் கடந்து டாக்னாம் பகுதியில் உள்ள கால்பந்து மைதானத்துக்கு நடந்தே போனேன். வீடுகளும் மரங்களும் சூழ்ந்த, அளவில் சிறிய மைதானம். 1975இல், 28 வயதில், பழுதான முழங்காலோடு வந்து சேர்ந்த லுபான்ஸ்கி ஏழு ஆண்டுகள் இங்கே ஆடினார். 1976இல் யூஃபா கோப்பைப் போட்டியில் பார்சிலோனாவை லோக்கரன் சங்கம் தன் ஊரில் 2-1 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றிருந்ததால் அந்த வெற்றி அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகவில்லை என்றாலும், இவ்வளவு சிறிய ஊர் அன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. பின்னர் டென்மார்க்கின் எல்க்யேர் வந்தார், 1980இல் கெஜெகோஷ் லாட்டோவும் வந்தார். 1980-81 பருவத்தில் பெல்ஜிய லீக்கில் இரண்டாம் இடம் பெற்றதுதான் இந்தச் சங்கத்தின் வரலாற்றில் மிக உயர்ந்த நிலை. அந்தப் பழைய சங்கம் 2020இல் திவாலாகி, பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு இணைந்து இன்று புதிய பெயரில் நடக்கிறது.

லுபான்ஸ்கி பின்னர் பிரான்சில் சில பருவங்கள் ஆடினாலும், குடும்பத்தோடு பெல்ஜியத்திலேயே வேரூன்றினார். உலகின் மிகப் பெரிய சங்கங்களில் ஆடியிருக்க வேண்டியவர் இந்தச் சிற்றூரில் ஒதுங்கினாரே என்று வருந்துபவர்கள் உண்டு. மைதானத்தைச் சுற்றி வந்தபோது எனக்கு அந்த வருத்தம் தோன்றவில்லை. இனி ஆடவே முடியாது என்று பலர் கருதிய ஒரு கால், இந்தப் புல்தரையில் ஏழு பருவங்கள் ஓடியிருக்கிறது.

இரண்டாம் நாள்: கத்தோவிட்ஸே

விமானப் பயணத்திலேயே பகல் கழிந்தது. மாலையில் கத்தோவிட்ஸே வந்து சேர்ந்தேன். மேல் சிலேசியா என்னும் இந்த நிலக்கரிப் பகுதியில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஹோஷூவ், ஸாப்ஷே, கிலிவிட்ஸே ஆகிய நான் பார்க்க வேண்டிய மூன்று ஊர்களையும் இங்கிருந்து ரயிலிலும் டிராமிலும் எளிதாக எட்டிவிடலாம்.

மூன்றாம் நாள்: சோஷ்னிட்ஸா, கிலிவிட்ஸே

லுபான்ஸ்கி 1947 பிப்ரவரி 28 அன்று கிலிவிட்ஸேயின் சோஷ்னிட்ஸா பகுதியில் பிறந்தார். சுரங்கத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பு இது. செங்கல் வீடுகள், அகலமான முற்றங்கள், முற்றங்களில் பந்து உதைக்கும் சிறுவர்கள். அவர்களில் ஒருவன் சுவரில் பந்தை அடித்து அடித்து ஒரே காலால் திருப்பி வாங்கிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் நின்று பார்த்தேன்.

அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நகரம் ஜெர்மனியில் இருந்தது. 1939 ஆகஸ்ட் 31 இரவு, போலந்துக்காரர்கள் தாக்கியதாக நாஜிகள் நாடகமாடிய வானொலி நிலையமும், முழுக்க மரத்தால் ஆன அதன் நூறு மீட்டருக்கும் மேலான கோபுரமும் இன்றும் இங்கே நிற்கின்றன. மறுநாள் விடியலில் உலகப் போர் தொடங்கியது. போர் முடிந்ததும் எல்லை நகர்ந்தது, ஜெர்மானியர் பலர் வெளியேறினார்கள், கிழக்கே இழந்த ஊர்களிலிருந்து போலந்துக் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களோடு, தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்த சிலேசிய மக்களும் இருந்தார்கள். வெவ்வேறு பேச்சும் வெவ்வேறு நினைவுகளும் கொண்ட இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஆடிய முற்றங்கள் இவை. கிலிவிட்ஸேயில் பிறந்து ஜெர்மனிக்காக உலகக் கோப்பை வென்ற லூகாஸ் பொடோல்ஸ்கி, 2021இல் ஸாப்ஷேயின் கூர்னிக் சங்கத்துக்கு ஆட வந்ததையும் இந்த மண்ணின் கலவையை அறிந்தவர்கள் வியப்போடு பார்க்க மாட்டார்கள்.

1963இல் பதினாறு வயது லுபான்ஸ்கி உள்ளூர்ச் சங்கத்திலிருந்து கூர்னிக் ஸாப்ஷேக்கு மாறினார். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள ஷ்செச்சின் நகரில் நார்வேக்கு எதிராகப் போலந்து அணியில் முதன்முறையாக ஆடினார். அன்று அவருடைய வயது 16 ஆண்டுகள் 188 நாள்கள். போலந்து 9-0 என்று வென்றது, அதில் ஒரு கோல் அவருடையது. போலந்துக்கு ஆடிய மிக இளைய வீரர், கோல் அடித்த மிக இளைய வீரர் என்ற இரண்டு பெருமைகளும் அந்த ஒரு மாலையில் அவருக்குக் கிடைத்தன, இன்றுவரை எவரும் அவற்றைப் பறிக்கவில்லை.

மதிய உணவுக்கு ஒரு சிறிய உணவகத்தில், நடுவில் குழி விட்ட உருளைக்கிழங்கு உருண்டைகளும், இறைச்சிச் சுருளும், ஊதா முட்டைக்கோஸும் கொடுத்தார்கள். சிலேசிய வீடுகளில் ஞாயிறு தோறும் சமைப்பது இதுதான். அந்தக் குழி குழம்பு தங்குவதற்காக என்று பரிமாறிய அம்மையார் விரலால் குழித்துக் காட்டினார்.

நான்காம் நாள்: ஸாப்ஷே

கூர்னிக் என்றால் போலந்து மொழியில் சுரங்கத் தொழிலாளி என்று பொருள். அந்தப் பெயரைப் புரிந்துகொள்ளாமல் மைதானத்துக்குப் போகக் கூடாது என்று தோன்றியதால், காலையில் முதலில் கிடோ சுரங்கத்துக்குப் போனேன். 1855இல் தொடங்கி, இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படும் சுரங்கம். இரும்புக் கூண்டு போன்ற மின்தூக்கியில் தோளோடு தோள் நெருக்கி நிறுத்தி 320 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். கீழே இயந்திரங்களை இயக்கிக் காட்டியபோது எழுந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவரின் குரல் கேட்கவில்லை. விளக்குகளை அணைத்துக் காட்டியபோது என் கையை முகத்துக்கு நேரே தூக்கியும் அது தெரியவில்லை. வேறொரு தளத்தில், சுரங்கத் தொழிலாளரின் காவல் தெய்வமாகிய புனித பார்பராவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. இந்த இருட்டில் வாரம் முழுவதும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து, வெளிச்சத்தில், பச்சைப் புல்லில் தங்கள் பெயரையே தாங்கிய அணி ஆடுவதைப் பார்த்தார்கள். கூர்னிக் ஏன் ஒரு விளையாட்டுச் சங்கம் என்ற அளவோடு நின்றுவிடவில்லை என்பது எனக்குக் கீழே நின்றபோதுதான் விளங்கியது.

பிற்பகலில் ரூஸ்வெல்ட் தெருவில் உள்ள மைதானத்துக்குப் போனேன். அது எர்னெஸ்ட் போல் பெயரைத் தாங்குகிறது. போலந்து லீக்கில் 186 கோல் அடித்த போல், லுபான்ஸ்கி வந்து சேர்ந்தபோது இங்கே மூத்த நட்சத்திரமாக இருந்தார். இளையவர் அவருடைய பக்கத்திலேயே நின்று தொழில் கற்றார். கற்ற வேகத்தைக் கணக்குகள் சொல்கின்றன. 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள், பின்பு 1971, 1972 என இரண்டு. போலந்துக் கோப்பை 1965இல் ஒரு முறை, 1968 முதல் 1972 வரை தொடர்ந்து ஐந்து முறை. 1966 முதல் 1969 வரை நான்கு பருவங்களிலும் லீக்கில் அதிக கோல் அடித்தவர் லுபான்ஸ்கி. 1969 ஏப்ரலில் லக்சம்பர்க்கை 8-1 என்று வென்ற ஆட்டத்தில் நாட்டுக்காக ஐந்து கோல் அடித்தார். அப்போது அவருக்கு வயது 22.

எண்களை விட எனக்கு நெருக்கமானது 1970 வசந்தம். அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற சங்கங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில் கூர்னிக் ரோமா அணியைச் சந்தித்தது. ரோமில் 1-1. ஹோஷூவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் கப்பெல்லோவின் கோலால் ரோமா தொடக்கத்திலேயே முன்னே சென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் லுபான்ஸ்கி பெனால்டியில் சமன் செய்தார், கூடுதல் நேரம் தொடங்கிய சில நிமிடங்களில் இன்னொரு கோலும் அடித்தார். வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று இருந்தபோது, கடைசி நொடிகளில் ரோமா மீண்டும் சமன் செய்துவிட்டது. மூன்றாம் ஆட்டம் ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்தது. அங்கும் லுபான்ஸ்கி கோல் அடித்தார், அங்கும் 1-1. பெனால்டி வரிசையால் முடிவு காணும் வழக்கம் அப்போது அந்தப் போட்டியில் இல்லாததால், நடுவர் நாணயம் சுண்டுவது போல் ஒரு வட்டத்தைச் சுண்டிப் போட்டார். அது அணித்தலைவர் ஸ்தனிஸ்வாவ் ஒஷ்லிஸ்வோவுக்குச் சாதகமாக விழுந்தது. முந்நூற்று முப்பது நிமிட ஆட்டத்துக்குப் பிறகு அப்படி ஒரு முடிவு நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த மூன்று ஆட்டங்களில் கூர்னிக்கின் நான்கு கோல்களில் மூன்றை அடித்தவர் இறுதியாட்டத்துக்குப் போனது நியாயம்தான்.

ஏப்ரல் 29 அன்று வியன்னாவில் நடந்த இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி 2-1 என்று வென்றது. கொட்டும் மழையில், பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்த பிராட்டர் அரங்கத்தில், கூர்னிக்கின் ஒரே கோலை ஒஷ்லிஸ்வோ அடித்தார். ஒரு போலந்துச் சங்கம் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதியை எட்டியது அதுவரை அந்த ஒரு முறைதான்; அதற்குப் பின்னும் எந்தப் போலந்துச் சங்கமும் ஐரோப்பாவின் பெரிய கோப்பை எதன் இறுதியாட்டத்திலும் ஆடவில்லை.

அந்த ஆண்டுகளில் ரியல் மாட்ரிட் அவரைக் கேட்டது என்பதும், ஆட்சியாளர்கள் அனுப்ப மறுத்தார்கள் என்பதும் போலந்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அன்றைய ஆட்சியில் விளையாட்டு வீரர்கள் பெயரளவில் தொழில்முறை வீரர்கள் அல்லர். சுரங்கத்தின் ஊழியர் பட்டியலில் பெயர் இருக்கும், ஊதியம் அங்கிருந்து வரும், பயிற்சி மைதானத்தில் நடக்கும். சிறந்த வீரர்கள் முப்பது வயதை நெருங்கும் வரை வெளிநாட்டுச் சங்கங்களுக்குப் போக அனுமதி கிடைப்பது அரிது. அதனால்தான் ஸாப்ஷேக்கு அவருடைய சிறந்த பத்து ஆண்டுகளும் முழுமையாகக் கிடைத்தன. ஒரு மனிதரின் விருப்பத்தை அடைத்து வைத்துப் பெற்ற செல்வம் அது என்பதையும் இந்த மைதானத்தின் வாசலில் நின்று மறக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள்: ஹோஷூவ்

கத்தோவிட்ஸேயிலிருந்து டிராம் ஏறினால், பெரிய பூங்கா ஒன்றின் ஓரமாகவே சென்று சிலேசிய அரங்கத்தின் அருகில் இறக்கிவிடுகிறது. 1956இல் திறந்த இந்த அரங்கத்துக்குச் சூனியக்காரிகளின் கொப்பரை என்று ஒரு பெயர் உண்டு. மறு ஆண்டே கெரார்ட் செஷ்லிக்கின் இரண்டு கோல்களால் போலந்து இங்கே சோவியத் யூனியனை 2-1 என்று வென்றது. கூர்னிக்கின் பெரிய ஐரோப்பிய ஆட்டங்களும் ஸாப்ஷேயில் அல்லாமல் இங்கேதான் நடந்தன. 1968 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, பனி படிந்த தரையில், லுபான்ஸ்கி அடித்த கோலால் கூர்னிக் 1-0 என்று வென்றது. முந்தைய ஆட்டத்தின் 0-2 தோல்வியை ஈடு செய்ய அது போதவில்லை. அவ்வாறு தப்பிய யுனைடெட்தான் அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

இன்றைய அரங்கம் 2017இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. கூரை வேய்ந்த, நீல நிற ஓடுபாதை கொண்ட, அழகான அரங்கம். நான் தேடி வந்தது 1973 ஜூன் 6ஆம் நாளின் அரங்கத்தை. வழிகாட்டியோடு வந்த குழு புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, புல்தரையின் ஓரத்தில் நின்று அந்த மாலையை நிமிடம் நிமிடமாக மனத்தில் ஓடவிட்டேன்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மார்ச் மாதம் வேல்ஸிடம் 0-2 என்று தோற்றிருந்த போலந்து, இங்கிலாந்திடமும் தோற்றால் கதை முடிந்திருக்கும். முந்தைய ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராக இருந்த லுபான்ஸ்கியே இங்கும் தலைவர். ஏழாவது நிமிடத்தில், கடோஹா ஓரத்திலிருந்து அடித்த தனி உதையில் போலந்து முன்னே சென்றது. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், 47ஆவது நிமிடத்தில், இங்கிலாந்தின் அணித்தலைவர் பாபி மூர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றித் திரும்ப முயன்றார். 1966இல் உலகக் கோப்பையை ஏந்திய கைகளுக்குரியவர், அவசரப்படாத ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். லுபான்ஸ்கி அந்தத் திருப்பத்தை எதிர்பார்த்தவர் போலக் காலை நீட்டிப் பந்தைப் பறித்தார். பறித்த வேகத்திலேயே கோலை நோக்கி ஓடினார். கோல் காப்பாளர் ஷில்டன் முன்னே வருவதற்குள் பந்து வலைக்குள் இருந்தது. அந்தக் காட்சிப் பதிவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. மூரின் பிழை என்றே பலரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். எனக்கு அது லுபான்ஸ்கியின் பத்தாண்டுக் கல்வியின் பயன். பந்து தன்னிடம் இல்லாதபோதும் வேட்டையாடும் முன்கள வீரரை ஐரோப்பா அதிகம் கண்டிராத காலம் அது.

அதன் பின் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பந்தோடு ஓடியபோது இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் ராய் மக்ஃபார்லண்டோடு மோதி லுபான்ஸ்கியின் வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே தசைநார் அறுந்திருந்தது. அவரைக் களத்திலிருந்து அகற்றினார்கள். போலந்து 2-0 என்று வென்றது. இங்கிலாந்துக்கு எதிராகப் போலந்து பெற்ற முதல் வெற்றி அது. அரங்கம் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த இரவில், 26 வயதில், வாழ்வின் உச்சத்தில் இருந்த ஒருவருக்கு நிகழ்ந்தது என்ன என்பது அவருக்கே முழுமையாகத் தெரிந்திருக்காது. முழங்கால் தசைநார் அறுந்தால் பெரும்பாலும் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடும் காலம் அது.

அவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர் யான் டொமார்ஸ்கி. இந்தப் பெயரை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 17 அன்று, வெம்ப்ளியில் போலந்துக்குத் தோல்வி மட்டும் கூடாது என்ற நிலை. 57ஆவது நிமிடத்தில், ஓரக்கோட்டருகே லாட்டோ பந்தை நார்மன் ஹன்டரிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடி டொமார்ஸ்கியிடம் கொடுத்தார். டொமார்ஸ்கி அடித்த பந்து ஷில்டனின் உடலுக்கு அடியில் புகுந்தது. பிறகு கிளார்க் பெனால்டியில் சமன் செய்தாலும், தொமாஷெவ்ஸ்கி மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிட, 1-1 என்று முடிந்த அந்த ஆட்டம் இங்கிலாந்தை உலகக் கோப்பைக்கு வெளியே நிறுத்தியது. ஹோஷூவில் மூரிடம் பறித்தது போலவே வெம்ப்ளியில் ஹன்டரிடம் பறித்தார்கள். லுபான்ஸ்கியின் இடத்தில் நின்றவரே கோலை அடித்தார். 1974இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் லாட்டோ ஏழு கோல் அடித்துத் தொடரில் முதலிடம் பெற்றதும், கூர்னிக்கில் லுபான்ஸ்கியின் சக வீரரான ஷர்மாக் ஐந்து கோல் அடித்ததும் இந்த வழியாக வந்தவை. "அவர் இல்லாமலே சாதித்தார்கள்" என்ற வாக்கியத்தை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

திரும்பி வரும்போது டிராம் நிறுத்தத்தில் ஒரு முதியவரிடம், தெரிந்த சில போலந்துச் சொற்களில், அரங்கத்தைக் காட்டி "லுபான்ஸ்கி" என்றேன். அவர் தன் வலது முழங்காலை இரண்டு முறை தட்டிக் காட்டினார். பிறகு கைத்தடியைப் பந்தின் பின்னால் வைப்பது போல வைத்து, மூரிடம் பந்தைப் பறித்த அந்த அசைவையும் செய்து காட்டினார்.

ஆறாம் நாள்: மீண்டும் ஹோஷூவ்

மாலையில் விமானம். காலையில் பூங்காவின் கம்பிவடப் பெட்டியில் ஏறி, மரங்களுக்கு மேலாகச் சென்று அரங்கத்தை இன்னொரு முறை பார்த்தேன். நேற்று சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

லுபான்ஸ்கி தேசிய அணிக்குத் திரும்பினார். 1978இல், 31 வயதில், அர்ஜென்டினாவில் உலகக் கோப்பையும் ஆடினார். கோல் அடிக்கவில்லை. அது அவருடைய ஒரே உலகக் கோப்பை. 1980 செப்டம்பர் 24 அன்று செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக அவருடைய கடைசி ஆட்டத்தை இதே ஹோஷூவ் அரங்கத்தில் நடத்தினார்கள். ஷ்செச்சினில் முதல் ஆட்டத்தில் கோல் அடித்த சிறுவன், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, முழங்காலை இழந்த அதே புல்தரையில், கடைசி ஆட்டத்திலும் கோல் அடித்தார். அது 48ஆவது கோல். 2017 அக்டோபரில் யெரெவான் நகரில் ஆர்மீனியாவுக்கு எதிராக ராபர்ட் லெவாண்டோவ்ஸ்கி மூன்று கோல் அடித்து அதைக் கடக்கும் வரை, 37 ஆண்டுகள், போலந்தில் அந்த எண்ணுக்கு மேல் எவரும் போகவில்லை.

கம்பிவடப் பெட்டி திரும்பும்போது அரங்கத்தின் கூரை மீது வெயில் விழுந்திருந்தது. கீழே பூங்காவில் ஒரு தந்தை தன் மகளுக்குப் பந்தை உருட்டிவிட, அவள் ஓடி வந்து உதைத்துக்கொண்டிருந்தாள்.